ஒரு சால்வையும் முடத்தெங்கும்

போன செப்டம்பர் ஐந்தாம் தேதி எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். பக்கத்து டவுனில் இருக்கிற ஒரு சேவைச் சங்கம், சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி 'சிறந்த ஆசிரியர்' என்று மேடையேற்றியது. ஆறு பேரில் சேரிக்காரன் நான் ஒருத்தன்தான். அது தெரிந்துதான் கூப்பிட்டார்களா, தெரியாமல் கூப்பிட்டார்களா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சால்வையை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. "இது குளுருக்கும் ஆவாது, தல தொவட்டவும் ஆவாது. எதுக்குடா குடுத்தானுங்க?"

"நல்லா பாடம் நடத்துறேனாம்மா."

"அதுக்குத்தான் மாசா மாசம் சம்பளம் குடுக்குறானே."

மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிசம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஆசிரியப் பணியில் நான் கண்ட மனநிறைவு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இரண்டு நிமிசம் பேச என்ன கஷ்டம்? என்னிடம் படித்த ஒரு பெண் புதுச்சேரியில் நர்சாக இருப்பதைச் சொன்னேன். செங்கல் சூளையிலிருந்து வந்த ஒரு பையன் இன்ஜினியரிங் முடித்ததைச் சொன்னேன். கைதட்டினார்கள். பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒரு பையன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனைத் தள்ளி வைத்துவிட்டு நிறைவு என்ற சொல்லை உச்சரிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வேலை வேலையல்ல, அறப்பணி, தொண்டு என்று பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்காக வேலை பார்ப்பவன் நல்ல ஆசிரியன் அல்ல என்று சாப்பாட்டுக் கவலை இல்லாதவர்கள் உபதேசம் செய்கிறார்கள். இதை யார் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எங்கள் தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். பிணம் எரிக்க, இழவு சொல்ல, திருவிழாவுக்குப் பறையடிக்க, செத்த மாடு தூக்க. இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது களத்துமேட்டில் கடைசியாகக் கூட்டி அள்ளிய மண்ணும் நெல்லும். அந்த வேலைக்கு ஊர்க்காரன் வைத்திருந்த பெயர் ஊழியம், கடமை. கூலி என்று வாய் திறந்து கேட்கமுடியாத வேலைகளுக்குத்தான் இந்த நாட்டில் புனிதமான பெயர்களெல்லாம் சூட்டப்பட்டிருக்கின்றன. சேவை என்ற சொல் என் காதில் விழும்போது எனக்கு அந்தக் களத்து மண் நெடிதான் அடிக்கிறது.

ஆகையால் தோழர்களே, என் முதல் நிறைவு சம்பளம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. 2014இல் முதல் மாசச் சம்பளம் வந்தது. மறுநாள் விடியக்காலை நடவுக்குக் கூப்பிட வந்த ஆளிடம் "இனிமே வரலீங்க, எம் மவன் வேலைக்குப் போறான்" என்று எங்கம்மா வாசலில் நின்று சொல்லிச்சு. நான் உள்ளே படுத்திருந்தேன். தமிழில் எத்தனையோ காவியம் படித்திருக்கிறேன், அந்த வாக்கியத்துக்கு ஈடாக ஒன்று என் காதில் விழுந்ததில்லை.

ஆனால் சம்பளம் வயிற்றுக் கேள்விக்குப் பதில். நான் கேட்பது அதைத் தாண்டிய கேள்வி.

ஆசிரியர் தினம் செப்டம்பர் 5. ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை 1962 முதல் அப்படிக் கொண்டாடுகிறோம். தத்துவப் பேராசிரியர், குடியரசுத் தலைவர், இருக்கட்டும். எனக்கு ஆசிரியர் தினம் ஜனவரி 3. 1831இல் அன்றைக்குத்தான் சாவித்திரிபாய் புலே பிறந்தார். 1848இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, பாடம் நடத்த அவர் தெருவில் நடந்து போனபோது சாணியையும் சேற்றையும் எறிந்தார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார். 1897இல் பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போய் அதே நோயில் செத்தார். அவரைக் கூப்பிட்டு மனநிறைவைப் பற்றி இரண்டு நிமிசம் பேசுங்கம்மா என்று யாரும் கேட்கவில்லை. சால்வைக்குப் பதில் அவருக்குக் கிடைத்தது சாணி. எனக்குச் சால்வை கிடைக்கிறது என்றால், காலம் மாறிவிட்டதா, இல்லை நான் யாருக்கும் தொந்தரவு இல்லாத ஆசிரியனாக இருக்கிறேனா? முதல் பாதி கொஞ்சம் உண்மை. இரண்டாம் பாதிதான் என்னை உறுத்துகிறது.

நம் பக்கத்திலும் இந்த வரிசை உண்டு. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். நந்தனைத் தீயில் இறக்கிய சிதம்பரத்திலேயே 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பேரில் பள்ளி வைத்தார். சென்னை சட்டமன்றத்தில் நம் குரலாக இருந்த எம்.சி. ராஜா பள்ளி வாத்தியாராக இருந்தவர். 'கருக்கு' எழுதிய பாமா ஆசிரியை. நான் படித்ததும் ஆதி திராவிடர் நலப் பள்ளிதான். எங்கள் ஊர்ப் பெரிசுகள் அதை இன்னும் லேபர் ஸ்கூல் என்றுதான் சொல்கிறார்கள், தொழிலாளர் துறையின் கையில் இருந்த காலத்துப் பேர். ஓடு உடைந்த கட்டடம், ஒற்றை வாத்தியார். அவரும் பாதி நாள் வரமாட்டார். ஆனாலும் அங்கே ஒரு பானையில் எல்லோரும் தண்ணி மொண்டு குடித்தோம். ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் பானைக்கும் சாதி உண்டு என்று தெரிந்தது.

பானை என்றதும் சொல்லவேண்டும். சிறுவன் அம்பேத்கர் வகுப்பில் உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோனதும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதும் நமக்கெல்லாம் மனப்பாடம். அதே அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்து, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கேயும் பேராசிரியர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதை உடன் வேலை பார்த்தவர்கள் ஆட்சேபித்தார்கள். 'படிச்சா எல்லாம் மாறும்' என்று பிள்ளைகளிடம் நாம் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை இந்தப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

தமிழ் வாத்தியாராக எனக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. 'நன்னூல்' பாயிரத்தில் பவணந்தி நல்லாசிரியனுக்கு இலக்கணம் சொல்கிறார். பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? குலம். அருளும் அறிவும் தெளிவும் சொல்வன்மையும் எல்லாம் அதற்குப் பின்னால்தான். உரைகாரர்கள் உயர்குடிப் பிறப்பு என்று உரை எழுதி வைத்தார்கள். எம்.ஏ. வகுப்பில் இதை நடத்திய பேராசிரியர் அந்தச் சொல்லுக்கு வந்ததும் ஒரு விநாடி நிறுத்தி, என்னைப் பார்த்து, பிறகு வேகமாகத் தாண்டிப் போனார். அவர் பார்க்காமலே தாண்டியிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சமண நூலிலேயே இப்படி. பவணந்தி கணக்குப்படி நான் வாசலிலேயே தகுதியிழந்தவன்.

ஆனால் அதே பவணந்தி ஆசிரியனாகத் தகாதவனுக்கு நாலு உவமை சொல்கிறார். கழற்சிக்காய் போட்ட குடம், மடல் மூடிய பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு. முன்னது மூன்றையும் விடுங்கள், அவை பாடம் நடத்தத் தெரியாததைப் பற்றியவை. முடத்தெங்கு வேறு. வளைந்துபோன தென்னை. ஒருத்தன் வேலிக்குள் அதை நட்டுத் தண்ணி ஊற்றி வளர்க்கிறான். அது வேலி தாண்டிச் சாய்ந்து, அடுத்தவன் வீட்டில் காய் போடுகிறது. உதவி செய்து வழிபட்ட மாணவனை விட்டுவிட்டு வேறொருத்தனுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியன் அப்படிப்பட்டவன் என்கிறார். குலத்தை வைத்து என்னை வெளியே தள்ளிய நூலிடம் நான் தோற்கமாட்டேன். ஆனால் இந்தத் தென்னையிடம் தோற்றுப்போகிறேன்.

எனக்குத் தண்ணி ஊற்றியது யார்? எங்கம்மாவின் நடவு கூலி. நான் பி.எட். சேரப் பணம் கட்ட முடியாமல் நின்றபோது, தெருவில் சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த பெரியம்மா. இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்று அடிவாங்கிய, நான் முகம்கூடப் பார்க்காத ஒரு தலைமுறை. என் காய் எங்கே விழுகிறது? டவுனில் வாடகை வீடு. அதுவும் "சார் நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு மூன்று வீடு தப்பி நாலாவதாகக் கிடைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சேரியில் என் மூச்சுக் காற்று இல்லை. படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டதாக அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் மனம் நொந்து பேசினார். அந்த 'படித்தவர்கள்' பட்டியலில் என் பேரும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒன்று சொல்லலாம். ஆசிரியன் என்பவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவன், காய் எங்கே விழுந்தால் என்ன? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் என்னைச் சுற்றி ஓடிவந்து 'ஐயா, ஐயா' என்கிறார்கள். அதில் உண்மையான பிரியம் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாதி இன்னும் முழுசாகப் பிடிபட்டிருக்காது. அப்பன்காரன் வாசலில் நிற்க வைத்துப் பேசுவான், பிள்ளை கையைப் பிடித்து உள்ளே இழுக்கும். அந்தப் பிடியை நான் எப்படி உதறுவது? ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என்ன? நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை, அவன் வீட்டுக்கே போய் அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். ஒரே பாடநூல், பிறப்பால் எல்லோரும் சமம் என்கிற ஒரே குறள். அந்தக் குறளை எழுதி அவர்களும் மார்க் வாங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கிற சாதி வரை எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் புழங்கும் சாதிக்கு எந்தக் கயிறை அறுப்பது?

இனி அந்தப் பையன்.

அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். 2017. பள்ளியில் துப்புரவுப் பணியாளர் இடம் காலி. கழிப்பறையைக் கழுவ வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று நாலு பையன்களை அனுப்புவார்கள். சாதி பார்த்து அனுப்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. "நல்லா வேல செய்யற பசங்களா பாத்து அனுப்புங்க" என்பதுதான் உத்தரவு. நல்லா வேலை செய்கிற பசங்க எல்லாரும் எப்படியோ காலனியிலிருந்து வருகிறவர்களாகவே இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் நடத்திக்கொண்டிருந்தது அதே குறள். நடந்ததைத்தான் சொல்கிறேன், ஜோடிக்கவில்லை. அவன் தாமதமாக வந்து வாசலில் நின்றான். பேன்ட் முட்டிவரை ஈரம், பிளீச்சிங் பவுடர் நெடி.

"ஏன்டா லேட்டு?"

"கக்கூசு கழுவிட்டு வரேன் சார்."

வகுப்பு சிரித்தது. நான் "உக்காரு" என்றேன். குறளுக்குப் பொருள் சொல்லி முடித்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. 1995இல் சேலம் மாவட்டத்தில் ஒரு சின்னப் பெண் பானையைத் தொட்டுத் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்து அவள் கண் போனது. அது செய்தியாயிற்று. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ விட்ட தலைமையாசிரியை கைதானார். அதுவும் செய்தியாயிற்று. என் 'உக்காரு' எந்தப் பத்திரிகையிலும் வராது. ஆனால் அன்று அவனுக்கு அந்தக் குறளை நடத்தியது நான்.

பெல் அடித்த பிறகு அவன் வந்து நின்றான். "சார், நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல?" என்றான். நீங்களும் நம்மாளு என்பதை அவன் சொல்லவில்லை, கண்ணில் இருந்தது. நான் சொன்னேன்: "நீ படி. படிச்சா எல்லாம் மாறும்."

படித்தவன்தான் எதிரே நிற்கிறேன். என்னிடம் எதுவும் மாறாததை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஏன் பேசவில்லை? என்னால் காரணம் சொல்ல முடியும். நடத்தை விதிகள் 1973. 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வேலைக்கு வந்து மூன்று வருசம். வீட்டுக் கடன். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நிஜம்தான். ஆனால் அதே நாட்களில் நான் புனைபெயரில் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நெருப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் 2015 திருத்தம் பற்றி அடுத்த மாவட்டத்து மேடையில் உட்பிரிவு வாரியாக விளக்கியிருக்கிறேன். அடுத்த மாவட்டத்தில்.

கடைசியில் ஒன்று செய்தேன். முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். விசாரணைக்கு ஆள் வந்தார்கள். கழிப்பறை கழுவுவது நின்றது, தற்காலிகமாக ஓர் அம்மாவைப் போட்டார்கள். எனக்குள் ஒரு திருப்தி வந்தது. தோழர்களே, அதை மறைக்க மாட்டேன், மனநிறைவே வந்தது. ஆனால் பழி வந்து விழுந்தது அந்தப் பையனின் அம்மா மேல். கூப்பிட்டு விட்டு, கடுதாசியின் நகலை முன்னால் போட்டு, யாரை வைத்து எழுதினாய் என்று கேட்டிருக்கிறார்கள். அது எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. அதன் பிறகு பையனுக்குத் தினம் ஒரு குத்தல். "கலெக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க." இரண்டு மாசத்தில் நின்றுவிட்டான். இடைநின்றவர் பட்டியலில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் வகுப்பாசிரியர் என்ற முறையில் நான் எழுதினேன்: குடும்பச் சூழ்நிலை.

எழுத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் மோசமானது. இன்னும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும்.

இதற்குப் பிறகு நிறைவு என்றால் என்ன? நர்சான பெண்ணும் இன்ஜினியரான பையனும் உண்மை. அவர்களில் என் பங்கு கொஞ்சம் உண்டு. அவர்களைக் கூட்டி இவனைக் கழித்து மீதி பார்க்கிற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகள் நெல் மூட்டை அல்ல, ஒன்று கெட்டால் ஒன்று ஈடு என்பதற்கு. நல்ல ஆசிரியரின் நிறைவு என்று ஊர் பேசுவதெல்லாம் எழுந்து வந்த பிள்ளைகளை வைத்துத்தான். உட்கார வைக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்து யாரும் அந்தச் சொல்லைப் பார்ப்பதில்லை. 'கற்பி' என்று நமக்குச் சொல்லப்பட்டது, 'படி' என்றல்ல. நான் படி, படி என்று சொல்லிக்கொண்டு, கற்பிக்கவேண்டிய ஒரே நாளில் பொருள் சொல்லி முடித்துவிட்டேன். அன்று அந்தச் சிரிப்பை நிறுத்தி, நானும் அந்தப் பிள்ளையோட தெருதான்டா என்று சொல்லியிருந்தால் வகுப்பு முழுக்க அந்தக் குறளைப் படித்திருக்கும். சிரித்த பிள்ளைகளுக்கும் நான் துரோகம் செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. தென்னை சாய்ந்தது மட்டுமில்லை, அடுத்த வீட்டிலும் உருப்படியாகக் காய் போடவில்லை.

தென்னை தன் இஷ்டத்துக்குச் சாய்வதில்லை, வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் சாயும் என்று ஒரு தோழர் எனக்காக வாதாடினார். சரிதான். அந்த வாதத்தை அவர் சொல்லலாம், நான் சொல்லக்கூடாது.

சால்வை வந்த மறுவாரம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். எட்டு வருசம் ஆகியிருந்தது. ஏரி வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கு அந்தக் கடுதாசி எழுதுனது நான்தாம்மா."

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "தெரியுமே சார். ஆபீசுல அந்தக் காயிதத்த குடுத்தாங்க, எம் பையன்தான் படிச்சுக் காமிச்சான். வெளில வந்து சிரிக்கிறான். 'ம்மா, இது எங்க தமிழ் சாருது. ஊர்ல வேற எவன் இப்பிடி ஒத்து போட்டு எழுதுவான்'னான். நாந்தான் வாயத் தொறக்காதன்னேன். உங்களுக்கு வேல போயிடும்னு."

வல்லினம் மிகும் இடமெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். கையை மாற்றினேன், ஒற்றை மாற்றத் தோன்றவில்லை. அவன் நன்றாகவே படித்திருக்கிறான்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தண்ணி கொடுத்தார். பையன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போய்விட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டான் என்றார். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே இங்கே வருகிறேன் என்றேன். "அவங்கிட்ட கேட்டுக்குங்க சார்" என்றார். வரட்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

முதல் ஞாயிறு போய்க் காத்திருந்தேன், அவன் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு வந்தான். மீசை வைத்திருக்கிறான், தோள் அகலமாகிவிட்டது. கடுதாசியைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "வுடுங்க சார்" என்றான். எது மன்னிப்பு, எது சலிப்பு என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. தமிழ் அப்படியே இருக்கிறது. கணக்கு சுத்தமாக மறந்துவிட்டது. எனக்கும் கணக்கு வராது, ஒரு தோழரைக் கேட்டிருக்கிறேன்.